மிதி, குளி, புசி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. காடு அதற்கு முன்பே இருந்தது. தண்ணீரும் பசியும் எப்போதிலிருந்து இருக்கின்றன என்று கேட்கவே வேண்டாம். இருந்தும் இவை நான்கையும் ஒரே டிக்கெட்டில் அடக்கலாம் என்று எந்தப் பேரரசனுக்கும், எந்த ஞானிக்கும் தோன்றவில்லை. எங்கள் இயக்குநருக்குத்தான் தோன்றியது. அதுவும் ஏ.சி. அறையில், சுழல் நாற்காலியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் பாதி மூடியிருந்த நிலையில்.

அப்படிப் பிறந்ததுதான் 'மிதி, குளி, புசி' சைக்கிள் சுற்றுலா. காலை எட்டரைக்குக் கிளம்பி, காட்டுப் பாதையில் பதினான்கு கிலோமீட்டர் மிதித்து, பாறைகளுக்கு நடுவே இருக்கும் இயற்கைக் குளத்தில் குளித்து, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் உள்ளூர்ச் சாப்பாடு புசித்து, மூன்று மணிக்குள் 'புதிய மனிதனாக'த் திரும்பிவிடலாம். பழைய மனிதனாகவே திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் கருத்துப் படிவத்தை ஒழுங்காக நிரப்பாதவர்கள்.

இந்த நிறுவனத்தில் நான் 'அனுபவ அலுவலர்'. எனக்கு அனுபவம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மற்றவர்களுக்கு அது உண்டாகிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒவ்வொரு பயணத்திலும் கடைசி சைக்கிள் என்னுடையது. பாதுகாப்புக்காக என்று விதிமுறையில் இருக்கிறது. என் தொப்பையைப் பார்த்த பிறகுதான் அந்த விதிமுறையை எழுதினார்கள்.

எதையும் தற்செயலாக நடக்க விடாததுதான் எங்கள் நிறுவனத்தின் பெருமை. ஒன்பது நாற்பதுக்கு வழிகாட்டி சடாரென்று பிரேக் போட்டு, உதட்டில் விரல் வைத்து, "அசையாதீங்க... ஏதோ சத்தம்!" என்பார். மூன்று வருடமாக அதே மரத்தடி, அதே ஏதோ சத்தம். பத்து ஐம்பதுக்குச் செடிகளை விலக்கி, "அடடா, இங்க ஒரு குளமா!" என்று திகைத்து நிற்பார். ஒருநாள் சளி பிடித்திருந்ததால் திகைப்பு சரியாக வரவில்லை. 'ஆச்சரியத்தில் ஈடுபாடு போதவில்லை' என்று அவருடைய கோப்பில் ஏறிவிட்டது. பாவம், அதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் வருகிறார்.

உள்ளூர்ச் சாப்பாடு போடுபவர் சமையலக்கா. குளத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு. கை மணம் அப்படியொரு கை மணம். ஆனால் அவரிடம் ஒரு பெரிய குறை இருந்தது: நம் எல்லோரையும் போலவே வாழ்ந்துகொண்டிருந்தார். காஸ் அடுப்பு, பிரிட்ஜ், எவர்சில்வர் தட்டு. 'மீன் அபாரம். ஆனால் பிரிட்ஜைப் பார்த்ததும் மனம் உடைந்துபோனேன்' என்று ஒரு விருந்தினர் எழுதிவிட்டார். அவசரக் கூட்டம் கூடியது. இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு பிரிட்ஜை மூங்கில் தட்டியால் மறைப்பது என்றும், முற்றத்தில் விறகடுப்பு மூட்டி வெறும் சட்டியை ஏற்றி வைப்பது என்றும், உண்மையான சமையல் பின்கட்டில் காஸ் அடுப்பில் 'இரகசியமாக' நடப்பது என்றும் தீர்மானமாயிற்று. தீர்மானத்தைச் சொல்லப் போனவன் நான்.

"வெறும் சட்டிக்கு எதுக்குத் தம்பி நெருப்பு?"

"புகை வேணும்க்கா."

"புகையையா திங்கப் போறாங்க?"

"போட்டோவுல புகை தெரிஞ்சாதான் அது உள்ளூர்ச் சாப்பாடு."

"அப்போ நாங்க தினம் சாப்பிடறது?"

"அது வெறும் சாப்பாடுக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் படிச்சிருக்கீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்து குளம். நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. விளம்பரத் தாளில் அதற்கு நான் கொடுத்த பெயர் 'மனிதக் காலடி படாத குளம்'. தினமும் பதினாறு பேர் இறங்கும் குளத்தில் காலடி படாமல் எப்படி என்று கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கிய கால் வேறு வகை. அக்கம்பக்கத்து ஆட்கள் பத்து மணி முதல் இரண்டு மணி வரை குளத்தின் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஏழாம் விதி போட்டோம். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. அது சமையலக்காவுடையது.

அவருடைய கணவர் கொத்தனார். எட்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் வலது கால் விறைத்துப்போயிருந்தது. தினமும் தண்ணீரில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் கால் மடங்க ஆரம்பிக்கும், ஆனால் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளத்தைச் சுற்றி உயரமான பாறைகள். அங்கே வெயில் விழுவது பதினொன்று முதல் ஒன்று வரைதான். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் ஐஸ். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை, ஓரமாக, கடன் மாதிரிக் கேட்டிருந்தார் அக்கா.

"சாரத்துல ஏறி நின்னாதான் சார் நான் கொத்தனார். கட்டில்ல உக்காந்திருந்தா வெறும் வீட்டுக்காரர்தான்" என்று கொத்தனார் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு விண்ணப்பத்தை இயக்குநர் மேஜையில் வைத்தேன்.

"என்னய்யா இது? கால் வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். குளத்துல என்ன வேலை?"

"ஆஸ்பத்திரிலதான் சார் குளத்துக்குப் போகச் சொல்லியிருக்காங்க."

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு டூரிசத்தப் பத்தி என்னய்யா தெரியும்?"

அது நியாயமான கேள்விதான். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் பரிசீலனை என்பது ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டு. அதற்குள் போன காகிதம் எதுவும் இதுவரை திரும்பி வந்து தொல்லை கொடுத்ததில்லை.

ஒவ்வொரு பயணத்திலும் பரிமாறும்போது அக்கா தாழ்ந்த குரலில் கேட்பார்: "தம்பி, அந்தக் காகிதம்?" "பரிசீலனைல இருக்குக்கா." கேட்டுவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைப்பார். மீனில் முள்ளாவது இருந்தது. என் பதில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இப்படியிருக்கையில் இயக்குநரே ஒருநாள் பயணத்துக்கு வந்தார். புது சைக்கிள், புது ஹெல்மெட், புது அரைக்கால் சட்டை. பட்டியலில் இல்லாத புகைப்படக்காரர் ஒருவர். பதினாறு விருந்தினர்களும் கரையில் நிற்க, "மனிதக் காலடி படாத இந்தக் குளத்தில் முதல் காலடி என்னுடையதாக இருக்கட்டும்!" என்று முழங்கிவிட்டு நீரில் பாய்ந்தார். நீந்திக்கொண்டே எதிர்ப்புறம் துருத்திக்கொண்டிருந்த பாறையைச் சுற்றிப் போனார்.

பாறைக்குப் பின்னால், மார்பளவுத் தண்ணீரில், தலையில் ஒரு பெரிய சேம்பு இலையோடு கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். பதினோரு நாளாக அப்படித்தானாம். நாங்கள் வருவதற்கு முன்பே இறங்கி, ஆள் சத்தம் கேட்டால் இலையைப் போட்டுக்கொண்டு, பாறை மறைவிலேயே அங்குமிங்கும் நடப்பாராம். பரிசீலனை முடியும்வரை காத்திருக்க அவருடைய காலுக்குப் பொறுமையில்லை.

இலைக்கு அடியில் இரண்டு கண்கள் இருப்பதை இயக்குநர் பார்த்தார். "ஐயோ!" என்று அலற வாயைத் திறந்தார். வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டு தண்ணீர் உள்ளே போயிற்று. ஆள் மூழ்கினார்.

நாங்கள் உடனடியாகச் செயல்பட்டோம். வழிகாட்டி விதிப்படி மூன்று முறை விசில் ஊதினார். நான் பையைத் திறந்து விபத்துப் படிவத்தை எடுத்து, 'நேரம்' என்ற கட்டத்தை நிரப்பினேன். அதற்குள் கொத்தனார் எந்தப் படிவமும் இல்லாமல் இயக்குநரின் காலரைப் பிடித்துத் தூக்கி, வலது காலை இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடியாகத் தண்ணீரைக் கடந்து வந்து, பாறை மேல் கிடத்தினார்.

"பயப்படாதீங்க சார். நெஞ்சளவுதான் தண்ணி. நீங்க எந்திரிச்சு நின்னிருந்தாலே போதும்."

பதினாறு பேரும் கைதட்டினார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் கேட்டார்: "இது தினமும் எத்தனை மணிக்கு?"

"பதினொன்னே காலுக்கு" என்றார் வழிகாட்டி, பழக்கதோஷத்தில்.

பாறை மேல் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்த இயக்குநரின் காதில் 'தினமும்' என்ற சொல் விழுந்தது. மெல்லக் கண் திறந்தார். உயிர் திரும்புவதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால் வியாபாரம் திரும்பியிருந்தது.

அந்த வாரக் கருத்துப் படிவங்களைப் போல எங்கள் சரித்திரத்தில் வந்ததில்லை. 'நீரிலிருந்து எழுந்த ஆதி மனிதர்.' 'அவருடைய நடையில் காட்டின் வலி இருந்தது.' 'சாப்பாடும் பரவாயில்லை.' கூட்டம் கூடி, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுத்து, ஒருமனதாக ஏற்றது. ஒரு மணி நேரம் கேட்டவருக்கு இரண்டு மணி நேரம்! பதினொன்று முதல் ஒன்று வரை, தினமும்! பெருந்தன்மை என்றால் இதுவல்லவா என்று எழுந்து நின்று கைதட்டினேன். பிறகுதான் நிபந்தனைகளை வாசித்தார்கள். தலையில் இலை கட்டாயம். கைக்கடிகாரம் கூடாது. மூன்றாவது: 'தற்போதைய நடை எவ்வித மாற்றமுமின்றித் தொடர வேண்டும்.'

"சார், நடை மாறணும்னுதானே அவர் குளத்துல இறங்கறாரு?"

"யோவ், அந்த நடையிலதான்யா அனுபவமே இருக்கு. நேரா நடந்து வந்தா அவன் யாரு? குளிக்க வந்த ஆளு!"

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொத்தனார் இரண்டு முறை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கால் சரியாகக் குளம் வேணும். குளம் கிடைக்கணும்னா கால் சரியாகக் கூடாது. ஆள் வச்சு யோசிச்சாங்களா சார், இல்ல தானா வந்ததா?"

"சிரிச்சது போதும், கையெழுத்தப் போடுங்க" என்றார் அக்கா. "மொதல்ல வெயில்ல தண்ணி கிடைக்கட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

தண்ணீருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. இரண்டாம் மாதம் கொத்தனாரின் முழங்கால் மடங்கியது. மூன்றாம் மாதம் பின்கட்டில் ஏணி வைத்து ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனபோது ஏணியின் ஐந்தாம் படியில் நின்றபடி, "வர்ற திங்கள்லேந்து மத்தியானம் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க சார்" என்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. காகிதத்தைப் பற்றிக் கேட்டுப் பழகியவர் கேட்காமல் நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாரந்தோறும் கொத்தனாருடைய நடையைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. 'நடை: திருப்திகரமாக மோசம்' என்று அந்த வாரமும் எழுதினேன், தொடர்ந்து ஆறாவது வாரமாக. என் உத்தியோக வாழ்வில் நான் எழுதிய ஒரே நல்ல பொய் அது.

ஆனால் கொத்தனாருக்கு நடிப்பு வராது. 'ஆதி மனிதர் இடது காலை இழுத்து நடந்தது உள்ளத்தை உருக்கியது' என்று ஒரு விருந்தினர் எழுத, 'போன மாதம் வந்த என் கணவர் வலது கால் என்கிறாரே' என்று இன்னொருவர் எழுத, இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"குணமாயிட்டானாய்யா?"

"ஆமா சார். திங்கக்கிழமை சாரத்துல ஏறப் போறாரு. உங்க உயிரக் காப்பாத்தின காலு சார் அது. நல்லபடியா..."

"யாரைக் கேட்டுக் குணமானான்?"

எங்கள் நிறுவனத்தில் எந்தக் கேள்விக்கும் ஒரு படிவம் உண்டு. இதற்கு இல்லை. ஆகவே கடிதமாகவே எழுத வேண்டியதாயிற்று. எழுதினேன்:

'ஐயா, தாங்கள் முன் அனுமதியின்றிக் குணமடைந்து வருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இச்செயலை உடனடியாக நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறினால், தங்கள் மனைவியாரின் உணவு ஒப்பந்தம் ரத்து செய்யப்படும்.'

கீழே என் கையெழுத்து. இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்.