இதயத்திலிருந்து ஒரு காப்பி

உலகத்திலேயே நன்றி மறக்காத நிறுவனம் எங்கள் தொலைக்காட்சி நிலையம்தான். ஆதாரம் கேட்காதீர்கள். பேனரில் எழுதியிருந்தது.

எங்கள் விளையாட்டு வர்ணனையாளர் செத்துப்போனார். முப்பது வருடம் பேசியவர். அவர் வாய் பட்டால் தூங்குமூஞ்சி ஆட்டமும் துள்ளிக் குதிக்கும். உடனே ‘அஞ்சலிக் குழு’ அமைத்தார்கள். அதற்கொரு துணைக்குழு. துணைக்குழுவுக்கு டீ வாங்க ஒரு பொறுப்பாளர். படச்சட்டம் கறுப்பா பழுப்பா என்பதற்கே மூன்று கூட்டம்.

அவர் மனைவி வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "வீடு சத்தமே இல்லாம கெடக்குங்க. அவர் பேசின ஆட்டம் ஒண்ணு குடுங்க, போதும்."

மேலாளர் நெஞ்சில் கைவைத்தார். "அவர் குரல் எங்க இதயத்துல பத்திரமா இருக்கும்மா."

"சரிங்க. அதுலேருந்து ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் ஒளிநாடா அறை ஆள். புது நாடா வாங்குவது எங்கள் நிலையத்தில் வழக்கமில்லை. பழைய ஆட்டத்தை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவோம். இதற்கு ‘வள மேலாண்மை’ என்று பெயர். அழித்தது என் கை. உத்தரவில் கையெழுத்து மேலாளருடையது. எனக்குப் படிப்பு மட்டு. ஆனால் அந்தக் கையெழுத்தை இருட்டிலும் வாசிப்பேன்.

இரண்டு நாள் தேடினேன். ‘இறுதி ஆட்டம்’ என்று ஒட்டியிருந்த நாடாவில் சமையல் நிகழ்ச்சி; வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அழியாமல் தப்பியது ஒன்றுதான்: மேலாளரின் ஐம்பதாவது பிறந்தநாள். ‘தொடாதே’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வேடிக்கைக்காக அன்றைக்கு நம்மாளை வர்ணனை செய்யச் சொல்லியிருந்தார்கள்.

வேறு வழியில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் அதையே போட்டார்கள்.

"மேலாளர் கத்தியோடு முன்னேறுகிறார். கேக் தரப்பில் தடுப்பாட்டமே இல்லை. வெட்டிவிட்டார். பெரிய துண்டு... யாருக்கு? அட, அவருக்கேதான்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். முடிந்ததும் மேடையேறி அந்த நாடாவையே கேட்டார்.

"அது எங்க குடும்ப விஷயம்மா" என்றார் மேலாளர். முகத்தில் அந்த ‘தொடாதே’ மையின் சிவப்பு.

அதன்பிறகு பதினோரு பேர் பேசினார்கள். செத்தவரை ‘இமயம்’ என்றார்கள், ‘கடல்’ என்றார்கள். கடைசியில் ஒரு நிமிட மௌனம். எல்லாத் தலையும் குனிந்தது, கண்கள் மூடின. நான் கருவியிலிருந்து நாடாவை உருவி அந்த அம்மாவின் கைப்பையில் போட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டார்.

முப்பது வருடம் உழைத்தவருக்கு எங்கள் நிலையத்தில் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது என்றால், அது பெரிய மனிதர்கள் வாயையும் கண்ணையும் மூடியிருந்த அந்த ஒரு நிமிடத்தில்தான்.