ஐந்து மாதம் பதினெட்டு நாள்

இயேசு, மரி, சூசை துணை

திண்டுக்கல்,
14-2-2001

அன்பு மகள் ஜோஸ்பினுக்கும், மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிராங்கிளினுக்கும், பேத்தி ஐரினுக்கும் அப்பா ராயப்பராஜ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம். அவளுடைய சர்க்கரையும் யாதொரு குறைவும் இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அங்கே பனி வாசல்படி வரைக்கும் வந்துவிட்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். ஐரினுக்குக் காதை மூடிக் குல்லா போட்டுத்தான் வெளியே கூட்டிப் போகவேண்டும். நீ நர்சு, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நிற்க. எங்கள் ரெண்டு பேரையும் அங்கேயே குடியிருக்கக் கூப்பிட்டுக்கொள்வதற்காக நீ எழுதிக் கொடுத்து, கூரியரில் அனுப்பிய ஸ்பான்சர் பத்திரத்தின் நகலையும் அந்தக் குடியேற்றக் கையேட்டையும் மூன்று தரம் வாசித்தேன். முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்து, அதில் பதினோரு வருஷம் தலைமையாசிரியராகவும் இருந்தவன், இப்படி ஒரு பத்திரத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை அம்மா. பெற்றோரைக் கூப்பிடுகிற பிள்ளை பத்து வருஷத்துக்கு அவர்களுடைய சாப்பாடு, துணிமணி, இருக்க இடம், கண்ணாடி, பல் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். அந்தப் பத்து வருஷத்துக்குள் நாங்கள் போய் அரசாங்கத்திடம் உதவித்தொகை என்று கையேந்தினால், கொடுத்ததை உன்னிடமிருந்து வசூல் பண்ணிவிடுவார்களாம். வயதானவர்களுக்கான பென்ஷனோ அங்கே பத்து வருஷம் குடியிருந்த பிறகுதானாம். என்ன ஒரு கெட்டிக்கார கவர்மெண்டு! இங்கே நம்ம தெருவில் துணி தேய்க்கிற முத்துச்சாமி முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டானே, அவனிடம் கேட்ட முதல் கேள்வி “மகன் இருக்கானா?” என்பதுதான். இருக்கான் என்றான், மனு தள்ளுபடி. இந்த ஊரில் உதவி வாங்க, பிள்ளை இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அந்த ஊருக்குள் நுழையவே, பிள்ளை இருக்கிறது, அதுவும் சோறு போடுகிற பிள்ளை என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு அந்தக் கவர்மெண்டைப் பார்த்து எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

இதையெல்லாம் பேகம்பூர் பக்ருதீனுக்கு விளக்கிச் சொன்னேன். தோல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு தினம் சாயங்காலம் நம் வீட்டில் வந்து உட்கார்ந்து என் ஹிந்து பேப்பரைக் கசக்குகிறானே, அவனேதான். “என்ன சார் சொல்றீக? பிளேன விட்டு எறங்குன அன்னைக்கே வயசாளிகளுக்கு சம்பளம் போட்டுருவான்னுல்ல ஊரெல்லாம் பேச்சு!” என்றான். “போடமாட்டான்யா. ஆஸ்பத்திரி அட்டைக்கே மூணு மாசம் காத்துக் கெடக்கணும். பல்லு வலிச்சா என் மகதான் பாக்கணும்” என்றேன். அவன் என் வாயை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். “மாஷா அல்லா, அப்ப அந்தப் புள்ளைக்கி ரொம்பப் பெரிய மனசு சார்” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. என் வாயில் இருக்கிற பதினேழு பல்லுக்கும் நீ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உலகத்தில் எத்தனை அப்பனுக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்? நகலில் உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த அதே சாய்வு.

இப்போது உன்னிடம் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். கோபப்படாமல், உட்கார்ந்து வாசி. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டெல்லியிலிருந்து, உங்கள் நாட்டுத் தூதரகத்தில் நம்ம விசா மனுவைப் பார்க்கிற அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அன்புள்ள ஐயா என்றுதான் ஆரம்பித்திருந்தார். உங்கள் மகன் ரொனால்டு பிறந்தது 1-10-1965 என்றும், மகள் ஜோஸ்பின் பிறந்தது 19-3-1966 என்றும் எழுதியிருக்கிறீர்கள், இருவருக்கும் தாய் ஒருவரே என்றும் எழுதியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் இடையே ஐந்து மாதம் பதினெட்டு நாள்தான் வருகிறது, இது எப்படி என்று தகுந்த சான்றுகளோடு அறுபது நாளுக்குள் விளக்கவும், தவறினால் கோப்பு மூடப்படும் என்று கேட்டிருந்தார். அம்மா, நான் கணக்கு வாத்தியார். அந்த இரண்டு தேதியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக என் கைப்பட எழுதியவன் நான். கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. டெல்லியில் யாரோ ஒரு முகம் தெரியாத மனுஷன் கழித்துப் பார்த்திருக்கிறார். அந்த அதிகாரிக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

நடந்தது இதுதான். ரொனால்டை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, பின்னால் அரசு வேலைக்கு வயது மிஞ்சிப் போகக்கூடாதே என்று ஒரு வருஷமும் கொஞ்சமும் குறைத்து எழுதினேன். அந்தக் காலத்தில் எந்த வாத்தியார்தான் சரியான தேதி எழுதினார்? என் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். எல்லோரையும் போல ஜூன் ஒன்று போட்டால் சந்தேகம் வரும் என்று நான் அக்டோபர் ஒன்று போட்டேன், அவ்வளவு சாமர்த்தியம்! அடுத்த வருஷம் உன்னைச் சேர்க்கும்போது மாற்றி எழுத முடியவில்லை. நீ சூசையப்பர் திருநாளில் பிறந்து, அதற்காகவே ஜோஸ்பின் என்று பேர் வைத்து, பங்குக் கோயில் ஜனம் முழுக்கச் சர்க்கரை வழங்கிய பிள்ளை. ஊருக்கே தெரிந்த தேதி. பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவன் நான், என் பொய் முப்பது வருஷம் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்து இப்போது எழுந்து நிற்கிறது. இத்தனை தில்லுமுல்லு பண்ணி அவன் அரசு வேலைக்காவது போனானா? ஆயக்குடியில் கொய்யாக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறான். கொய்யாவுக்கு எந்த வயது வரம்பும் கிடையாது.

கடிதத்தைப் பக்ருதீனிடம் மட்டும் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். “ஏன் சார், சின்ன வீடு ஏதும் உண்டா? நம்மகிட்டயே சொல்லலையே!” என்று சிரித்தான் பார், எனக்கு அவனை அப்படியே தூக்கி வெளியே போடலாம் போல இருந்தது. ஆனால் அன்று படுத்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் பதில் எழுதாமல் விட்டால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். உன் மேல் பழி இல்லை, யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. நீ போட்ட பத்து வருஷக் கையெழுத்தும் ரத்து. இத்தனை வருமானம் இருந்தால்தான் கையெழுத்துப் போடவே விடுவார்கள் என்பதற்காக நீ பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரியில் முதியோர் இல்லம் என்று ரெண்டு டூட்டி பார்க்கிறாய். சொந்த அப்பா அம்மாவைக் கூப்பிட, அடுத்தவர் அப்பா அம்மாவுக்கு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறாய். எனக்குச் சோறு இறங்குமா அதைத் தின்றுகொண்டு? உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது. உன் முதுகில் ஏறி உட்காருகிற பாவத்தை மட்டும் செய்யமாட்டேன்.

ஆகையால் அந்தக் கடிதத்தைப் பரண் மேல் பழைய வருகைப் பதிவேடுகளுக்குள் சொருகிவிட்டேன். இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். இது உன் கையில் கிடைக்கும்போது கோப்பு மூடியிருக்கும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பாவம், வெள்ளந்தி. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் போதும், “டெல்லியா?” என்று வாசலுக்கு ஓடுகிறாள். மெதுவாக நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, வீடு சொந்தம், ரொனால்டு மாதம் ஒருதரம் கொய்யாவோடு வந்து எட்டிப் பார்க்கிறான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ ராத்திரி டூட்டியை முதலில் விடு. ஐரினைத் தூக்கிவைத்துக்கொண்டு தூங்கு. இது அப்பாவின் உத்தரவு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், மாமனார் பல்லுக்கு எந்த மருமகன் கையெழுத்துப் போடுவான்? தங்கமான மனுஷன். சூசையப்பர் உங்கள் மூவரையும் பனியிலும் குளிரிலும் கைவிடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. ராயப்பராஜ்,
தலைமையாசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போஸ்ட்மேன் பொம்மையன் வந்துவிட்டான். “சார், அம்மா அனுப்புன ரிஜிஸ்டர் தபாலுக்கு அட்டை வந்துருக்கு” என்று என் கையில் கொடுத்தான். ஆனந்தமேரி என்று உன் அம்மா பேர் போட்டு, தபால் கிடைத்தது என்று டெல்லியில் கையெழுத்தும் முத்திரையும் வைத்த அட்டை. அவள் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “இது என்ன?” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பாத்தா தெரியலையா? அந்த ஆபீசர் கேட்டதுக்குப் பதில் போட்டேன். வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“உனக்கு யார் சொன்னா?”

“நீங்க பரண்ல ஏறி எறங்குனதுல ஒரு பானை உடைஞ்சுச்சு. முப்பது வருஷமா பரண்ல ஏறாத மனுசன் எதுக்கு ஏறுனார்னு ஏறிப் பாத்தேன். இங்கிலீஸ்ல இருந்துச்சா, பக்ருதீன் அண்ணன்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன்.”

பக்ருதீன்! தினமும் என் காப்பியைக் குடித்துக்கொண்டு, பதில் போடவேண்டாம் என்று நான் புலம்பியதற்கெல்லாம் தலையாட்டிய பக்ருதீன்! அவனே அவளைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போய் பிறந்த தேதி போட்ட உங்கள் ரெண்டு பேருடைய ஞானஸ்நானச் சான்றையும் வாங்கி, நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரமும் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். அதன் நகலை மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள். “எனக்கு இரண்டு பிரசவம், இரண்டுக்கும் இடையில் பத்தொன்பது மாதம், பெற்றவள் நான், என் தேதிதான் சரி. பள்ளிக்கூடத் தேதி என் கணவர் தலைமையாசிரியர் ராயப்பராஜ் வேண்டுமென்றே எழுதிய பொய்த் தேதி” என்று முத்திரைத்தாளில் இருக்கிறது. இருபது ரூபாய் முத்திரைத்தாள்.

“ஏண்டி, அந்தப் புள்ள தலையில பத்து வருசப் பாரத்த ஏத்தலாமா?” என்று கத்திவிட்டேன். அப்போதுதான் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

“பாரமா? நான் அங்க சும்மா உக்காந்து திங்கவா போறேன்? நான் போயி ஐரினத் தூக்கிக்கிட்டா, புள்ளயப் பாக்க அவ கொட்டிக் குடுக்குற காசு மிச்சம். ராத்திரி டூட்டிய அவளே விட்டுருவா. இத எந்தப் பக்கம் கூட்டுனீக, எந்தப் பக்கம் கழிச்சீக?”

அம்மா ஜோஸ்பின், நான் ஐம்பத்தெட்டு நாள் போட்ட கணக்கில் இது ஒரு வரியிலும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் போனேன். உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். “கிழிக்காதீக, அப்படியே அனுப்புங்க. நான் எங்க ஆத்தாள வீட்டுக்குக் கூப்புட்டப்ப, ‘பாரமா இருப்பேன்டி’ன்னு வராமலே செத்துப்போனா. எம் மகளுக்கு அப்படி ஒரு நெனப்பு வேணாம். நீங்க வரமாட்டேன்னதும் அவ தெரிஞ்சுக்கிடட்டும், நான் வாரேன்னதும் தெரிஞ்சுக்கிடட்டும்” என்கிறாள்.

வருகிறோம் அம்மா.