தோற்கத் தெரியாத கரெக்ட் சார்

‘நீங்கள் தலைமையேற்று நடத்தி, தோற்றுப்போன ஒரு சம்பவத்தை எழுதுங்கள்’ என்று கேட்டது கம்ப்யூட்டர் திரை. கேட்டதோடு நிற்காமல், கீழே பெரிதாக ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு, அதற்குள் ஒரு கோட்டை மினுக் மினுக்கென்று மினுக்கிக்கொண்டு காத்திருந்தது.

கரெக்ட் சார் எழுந்தார். சன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கோடு மினுக்கியது. மறுபடியும் எழுந்தார்.

"ஒண்ணு உக்காருங்க, இல்ல நில்லுங்க. பாக்கிற எனக்குக் கால் வலிக்குது" என்றாள் மனைவி, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

"எழுத ஒண்ணுமே கிடைக்கலடி."

"என்ன எழுதணும்?"

"நான் தோத்துப்போன கதை."

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். காலை நீட்டி வாகாக உட்கார்ந்துகொண்டாள். அலமாரியிலிருந்து ஆரம்பித்தாள். அவரே அளவெடுத்து, அவரே சொல்லிச் செய்யவைத்த அலமாரி, வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்று மழையில் மூன்று நாள் நின்றது. அதிலிருந்து குழாய்க்குப் போனாள், குழாயிலிருந்து அவள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போய் இறங்கியதற்குப் போனாள். மூச்சு வாங்க நிறுத்தினால்கூட, விட்ட இடத்தை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக் கதையெல்லாம் இதுல வராது. ஆபீஸ்ல தலைமை தாங்கித் தோத்திருக்கணும். ஆபீஸ்ல நான் தப்புப் பண்ணி யாராவது பாத்திருக்காங்களா?"

"அத ஆபீஸ்லதான் கேக்கணும்" என்றாள். "சட்டைப் பட்டனை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க."

அது அவர் காதில் விழவில்லை. அவர் மறுபடியும் சன்னலுக்குப் போயிருந்தார்.

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் திட்டப் பிரிவு அவருக்கு. எந்த வீட்டுக்கு எந்த வண்டி, எத்தனை ஆள், எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று தினமும் வண்டிச் சீட்டு எழுதி, ஆபீசில் போன் எடுக்கும் போன் அக்காவின் மேஜையில் இருக்கும் தட்டில் வைப்பார். போன் அக்கா அதை டிரைவர்களுக்குக் கொடுப்பாள். வண்டிகள் கிளம்பும். ஒரு நாளும் ஒரு புகார் வந்ததில்லை. ‘கரெக்ட் சார்’ என்ற பெயரே அங்கே வந்ததுதான். எதிலும் கரெக்டாக இருப்பதால் வந்த பெயர் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார். பெயர் வைத்தவள் போன் அக்கா. அவளிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

நல்ல மனுஷர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. யாராவது லீவு கேட்க வாயைத் திறந்தாலே, "போயிட்டு வாப்பா" என்று விடுவார். பீரோ தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட ஆளுக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிட்டவர்.

இப்படி இருந்தவருக்கு எம்.பி.ஏ. ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. போன வருஷம் புது மேனேஜர் வந்தான். அவரைவிடப் பத்து வயது சின்னவன். கழுத்தில் டை, கையில் எம்.பி.ஏ. அவனுக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. பேசும்போது இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. கரெக்ட் சாரின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, கீழே அட்டை மடித்து வைத்திருந்தது. அவன் சுற்றச் சுற்ற, இவர் ஆடிக்கொண்டு "சரி சார், சரி சார்" என்பார். ஒரு நாள் ஆட்டம் மனசுக்குள் போய்விட்டது. அப்புறம் நிற்கவில்லை.

கல்லூரி தேடினார். தேடினார் என்றால் சும்மா இல்லை, பெண் பார்ப்பது மாதிரி தேடினார். ஒன்று ரொம்ப உசந்த இடம், நம்மைத் திரும்பிப் பார்க்காது. ஒன்று கடல் தாண்டி இருந்தது. ஒன்றில் கணக்குப் பரீட்சை வைத்தார்கள். எந்தக் கல்லூரியின் படத்தைத் திறந்தாலும் ஒரு கண்ணாடி மேஜை, சுற்றி நாலு பேர், நடுவில் ஒரு காகிதம், அதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பு. இவர் எழுதும் சீட்டைப் பார்த்தும் ஆபீசில் பிள்ளைகள் சிரிப்பதுண்டு, ஆனால் கண்ணாடி மேஜை கிடையாது. கடைசியில் ஒன்று அமைந்தது. வேலையை விடாமல் சனி ஞாயிறு படிக்கலாம், வயதுக்குச் சலுகை உண்டு, பரீட்சையும் இல்லை. தோற்ற கதை ஒன்று எழுதி, மேலதிகாரியின் சிபாரிசு வாங்கினால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. இந்த வருஷத்தோடு வயதுச் சலுகையும் முடிகிறது. விட்டால் விட்டதுதான்.

மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவன் பெயரே எம்.பி.ஏ.தான்.

"அத்தான், அந்தக் கேள்விதான் முக்கியமே. தோக்காத ஆளை அவங்க சேத்துக்கவே மாட்டாங்க" என்றான்.

"இல்லாத தோல்விக்கு எங்கடா போவேன்? இட்டுக்கட்டிடவா?"

"நேர்ல கூப்பிட்டுத் தோண்டுவாங்க அத்தான். மூணாவது கேள்வியில மாட்டிப்பீங்க. பொய் சொன்னா உங்க காது வேற செவந்துடும்."

அது நிஜம். காது அவருக்கு ஜன்மப் பகை.

பொய் சொல்ல முடியாது, நிஜமும் கைவசம் இல்லை. யோசித்து யோசித்து, ராத்திரி முழுக்கப் புரண்டு, விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தார். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஒரு தோல்வியைச் செய்துவிட்டால் போயிற்று.

திங்கட்கிழமை, வீடு நிறையச் சாமான் இருந்த பெரிய குடும்பத்துக்குச் சின்ன வண்டியும், ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் மட்டுமே சொத்தாக வைத்திருந்த ஒண்டிக்கட்டைக்குப் பெரிய வண்டியும் எழுதினார். ஒரே ஒரு தப்புதான் இருக்க வேண்டும், அதுவும் பளிச்சென்று தெரிய வேண்டும், அப்போதுதான் கதை கட்டுக்கோப்பாக வரும் என்று, மற்ற வரிகளை வாழ்க்கையில் முதல் தடவையாக ரெண்டு தரம் படித்துப் பார்த்தார். சீட்டைத் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். போன் அடிக்கும்போதெல்லாம் ‘வந்துடுச்சு’ என்று எழுந்து நின்றார்.

திட்டி ஒரு போனும் வரவில்லை. சாயங்காலம் அந்தப் பெரிய குடும்பத்துத் தலைவர் நேரிலேயே வந்து, ஒரு கரண்டிகூட நசுங்கவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வண்டியில் அத்தனை சாமானும் எப்படி அடங்கியது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் குட்டு உடையும். விழுங்கிவிட்டார்.

‘அதிர்ஷ்டம்’ என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் ஒரு சுற்றுக் கூட்டினார். பியானோ வாத்தியாரம்மா ஒருவர் வீடு மாறினார். அவருடைய புது முகவரியில் தெருப் பெயரையே கரெக்ட் சார் மாற்றி எழுதிவிட்டார். பியானோ ஊர் சுற்றட்டும், இதைவிடப் பெரிய தோல்வி யாருக்குக் கிடைக்கும்? எழுதும்போது மனசு கேட்கவில்லைதான். பாவம், வயசானவர். சாயங்காலம் தானே போய் மன்னிப்புக் கேட்பதாக மனசுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். மன்னிப்பு கதைக்கும் நன்றாக இருக்கும்.

பியானோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் இறங்கியது. வாத்தியாரம்மா மேனேஜருக்குப் போன் போட்டு, கிளம்பும் முன் கூப்பிட்டு முகவரியை விசாரித்துக்கொண்ட அந்தப் பொறுப்பு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று உருகியிருக்கிறார். மேனேஜர் நாற்காலியோடு ஒரு முழுச் சுற்று சுற்றினான்.

"சார், உங்க டிபார்ட்மென்ட் மட்டும் எப்படி சார் இப்படி? காலேஜ்ல இருந்து உங்களப் பத்திக் கேட்டிருந்தாங்க. இந்தச் சூட்டோட எழுதி அனுப்பிட்டேன்."

"என்ன எழுதினீங்க சார்?"

"இத்தனை வருஷத்துல தவறியும் ஒரு தப்புப் பண்ணாத மனுஷன்னு. அழுத்தி எழுதியிருக்கேன்."

கரெக்ட் சார் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அட்டை நகர்ந்து நாற்காலி ஆடியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. இனிமேல் குட்டித் தப்பெல்லாம் எடுபடாது. மேனேஜரே எழுந்து நின்று, ‘ஐயோ, நான் எழுதியது பிசகு’ என்று கல்லூரிக்குச் சொல்லுகிற அளவுக்கு ஏதாவது விழுந்து உடைய வேண்டும்.

புதன்கிழமை அதைத்தான் செய்தார். வண்டியில் சாமான் ஏற்றுகிற எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, தலைவனுக்கு உரிய குரலில், இன்றிலிருந்து புது விதி என்றார். கண்ணாடி, பீங்கான் எல்லாம் முதலில் ஏறும். கட்டில், பீரோ எல்லாம் கடைசியில், அதற்கு மேலே. எதையாவது நொறுக்காமல் இந்த விதியைப் பின்பற்றவே முடியாது. சொல்லும்போதே அவருக்குக் கூசியது.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சொல்லிவைத்தது மாதிரி போன் அக்காவைப் பார்த்தார்கள். அவள் காதில் போனை இடுக்கிக்கொண்டு, "சரி சார், அப்படியே பண்ணிடறோம்" என்றாள்.

அன்று முழுக்க அவர் உட்காரவில்லை. வண்டிகள் திரும்பி வரும் நேரம் வாசலிலேயே நின்றார். பெரிய வண்டி வந்தது. டிரைவர் இறங்கியதும் ஓடிப்போய், எல்லாம் பத்திரமா என்று நைசாகக் கேட்டார்.

"ஒரு கீறல் இல்ல சார்."

"கண்ணாடி?"

"முகம் பாக்கலாம் சார்."

"நான் சொன்ன மாதிரிதானே ஏத்தினீங்க?"

டிரைவர் வானத்தைப் பார்த்தான், மழை வருமா என்று யோசிப்பவன் மாதிரி. "நீங்க சொல்லி நாங்க என்னிக்கு சார் மீறியிருக்கோம்?" என்றான்.

கரெக்ட் சாருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் இல்லை.

வியாழக்கிழமை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒழுங்காகச் சீட்டு எழுதி, திங்கட்கிழமையிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் ரெண்டு தரம் படித்துப் பார்த்து, ஒழுங்காகத் தட்டில் வைத்தார். தோற்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும், அது தன் ஜாதகத்தில் இல்லை. வீட்டுக்குப் போய் மச்சினனைக் கூப்பிட்டு, ஒரு வாரமாகத் தலைகீழாக நின்று பார்த்தும் விழ முடியவில்லை என்ற கதையைச் சொன்னார். அவன் ரொம்ப நேரம் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, வியாபார மூளையை எடுத்தான்.

"அத்தான், அப்ப இதையே எழுதுங்க. என்னுடைய ஒரே தோல்வி, எனக்குத் தோற்கத் தெரியாததுதான்னு போடுங்க. இந்த மாதிரி திமிருன்னா அங்க அவங்களுக்கு வெல்லம்."

"அது நிஜமாடா?"

"நீங்கதான சொல்றீங்க, முயற்சி பண்ணியும் முடியலன்னு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

பக்கத்திலிருந்த மனைவி எதையோ சொல்ல வந்து, அடுப்பில் அவர் அணைக்காமல் விட்டிருந்த வெந்நீரை அணைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கரெக்ட் சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மினுக்கிய கோட்டைப் பிடித்து ஓட்டினார். இந்தத் தடவை வார்த்தை அருவியாகக் கொட்டியது. ‘வேண்டுமென்றே தவறு செய்தும் தவற முடியாத ஒரு மனிதனின் வேதனை இது. என் கை பட்டால் எதுவும் தானாகச் சரியாகிவிடுகிறது. இப்படிப்பட்ட தலைவர்கள் அபூர்வம் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.’ படித்துப் பார்த்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, அத்தனையும் சத்தியம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினார். ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இனி எந்த மாற்றமும் செய்ய இயலாது’ என்று வந்தது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் கால் ஆடாமல் தரையில் நின்றது. நாற்காலிகூட ஆடவில்லை.

போன் அக்கா இழுப்பறையைப் பூட்டி, பையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவள், வாசலில் நின்று திரும்பி அவரைக் கரிசனமாகப் பார்த்தாள்.

"ஏன் சார், இந்த வாரம் உடம்பு கிடம்பு சரியில்லையா? எப்பவும் உங்க சீட்டு வந்தா ஒரு நாளைக்குப் பத்து இடமாவது உக்காந்து கரெக்ட் பண்ணுவோம், இந்த வாரம் மொத்தமே மூணே மூணுதான் இருந்துச்சு."