சம்பந்தி வண்டியில் நூற்று நாற்பத்து மூன்று கோடுகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனும் தங்கள் மருமகளின் தகப்பனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, என் மகள், தங்கள் மகன் எல்லோரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், பிள்ளை பெற்றிருக்கும் தங்கள் மகளும், புதிதாக வந்திருக்கும் பேரனும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. நலமில்லாத ஒன்று இங்கே இருக்கிறது. அது என் வீட்டு வாசலில் போர்வை போர்த்தி நிற்கிறது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பேரன் மடியில் இருந்தால் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தாங்கள் திரும்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, கடிதமாகப் போனால் வருவதற்குள் கோபம் பாதியாவது ஆறும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

தாங்கள் புறப்பட்ட அன்று சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "மகன்கிட்ட குடுத்தா கூரைமேல சைக்கிளைக் கட்டுவான். கீறல் விழாம துடைக்கத் தெரிஞ்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லித் தங்கள் கருப்புக் காரின் சாவியைக் கொடுத்தீர்கள். இடது கையால் கொடுத்தீர்கள். என் மனைவி அதற்காக இரண்டு நாள் முணுமுணுத்தாள். நான்தான், "விடு, கல்யாண ஃபோட்டோவுல யார் எங்க நிக்கிறதுன்னு சண்டை வந்ததுலேருந்து நாலு வருஷமா 'சாப்ட்டீங்களா', 'கெளம்பறோம்' தவிர அவர் நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. எந்தக் கையா இருந்தா என்ன, சாவி வந்துச்சே" என்று அடக்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். தாங்கள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: "அழுக்கானா தண்ணி ஊத்தி, மெத்துனு இருக்கற துணியால துடைங்க. கார் கழுவுற மெஷின் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதீங்க. அந்த பிரஷ் பெயிண்டைத் தின்னுடும். இந்த வண்டிமேல என் கையைத் தவிர எதுவும் பட்டதில்ல."

எட்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், எங்கள் தெருவில் உள்ள பறவைகள் எல்லாம் வண்டிமேல் ஓர் இடம் விடாமல் எச்சத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. காய்ந்த அழுக்கை அப்படியே துடைத்தால் கீறல் விழும் என்பதை நான் முப்பத்தெட்டு வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆகவே முறைப்படி வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தேன். குனிந்தவன்தான். இடுப்பில் எங்கேயோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் அதே கோலத்தில் வீட்டுக்குள் போனதைப் பார்த்துத் தரையில் எதையோ தேடுகிறேன் என்று நினைத்து என் மனைவியும் கூடவே தேட ஆரம்பித்தாள். விஷயம் தெரிந்ததும், "இந்த இடுப்பை வச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த வேலை? பெட்ரோல் பங்க் பக்கத்துலயே மெஷின் இருக்குல்ல?" என்றாள். நான் சட்டென்று சம்மதிக்கவில்லை சம்பந்தி, விசாரித்தேன். பெட்ரோல் போடுகிறவர், "ஒண்ணும் ஆகாது சார், இப்பல்லாம் பஞ்சு மாதிரி பிரஷ்" என்றார். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரோ, "பிரஷ்ஷால ஒண்ணுமில்ல. உங்களுக்கு முன்னாடி போன வண்டியோட மண்ணு அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதுதான் கோடு போடும்" என்றார். கையால் கழுவினால் விழாதா என்று கேட்டதற்கு, "அழுக்குத் துணியா இருந்தா அதுலயும் விழும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு பேரைக் கேட்டு மூன்று பதிலோடு திரும்பினேன்.

மெஷினைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பார்க்கப் போனவன் எப்படியோ வரிசையில் நின்றுவிட்டேன். பின்னால் ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னால் செங்கல் சூளையிலிருந்து நேராக வந்தது போல, கூரை முதல் சக்கரம் வரை செம்மண் அப்பிய ஒரு லோடு வண்டி. அது உள்ளே போய்ப் புத்தம் புதுசாக வெளியே வந்தது. அதன் மண் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோதே வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தேன், வேன் விடவில்லை. அதற்குள் யாரும் எதுவும் செய்யாமலே எனக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பி தானாக எழும்பியது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அம்மா சிரித்தபடி, "வாங்க வாங்க, இந்த வண்டிக்கு இன்னைக்கு ஃப்ரீ!" என்றார். ஏதோ விளம்பரச் சலுகை போலிருக்கிறது, நம் முகத்துக்கும் இப்படியெல்லாம் நடக்கிறதே என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். உள்ளே ஏற்றியதும் அடியில் இருந்த பட்டை வண்டியை இழுக்க ஆரம்பித்துவிட்டது. பிரஷ் மூன்று பக்கமும் சுழன்றுகொண்டு வருகிறது. "அம்மா, அந்த மண்ணை மட்டும் ஒருதரம் கழுவிட்டு..." என்று சொல்வதற்காக ஜன்னலை இறக்கினேன். மீதி வாக்கியத்தை நுரையோடு விழுங்கினேன். சீட்டு காய இரண்டு நாளாயிற்று. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே வந்தபோது வண்டி முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. எனக்குத்தான் தொழில் புத்தி சும்மா இருக்காதே! கடை வாசலில் வெயிலில் நிறுத்தி, லென்ஸ் பார்க்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, குனிய முடியாததால் பானட் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சூரியன் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. பெயிண்ட்காரரிடம் காட்ட வேண்டுமே, தேடி அலையக் கூடாதே என்று லென்ஸில் நடுப்புள்ளி குறிக்கிற மார்க்கரால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டேன். போய்ப் பார்த்தால் அவர் கடைக்கு அன்று விடுமுறை. வட்டம் வட்டமாக வண்டியை வாசலில் நிறுத்த முடியுமா? லென்ஸில் மையை எடுப்பதற்கு எங்களிடம் அசிட்டோன் உண்டு, ஒரு துளி தொட்டால் போதும். தொட்டேன். மை போயிற்று. அதோடு பளபளப்பும் போயிற்று. கோடு இருந்த இடத்திலெல்லாம் இப்போது நூற்று நாற்பத்து மூன்று மங்கல் பொட்டு. லென்ஸுக்கு மெருகு ஏற்றுகிற பொடியை நனைத்து ஒரு பொட்டைத் தேய்த்தேன், அது பக்கத்துப் பொட்டோடு சேர்ந்துகொண்டது. அதைச் சரிக்கட்ட அடுத்ததைத் தேய்த்தேன். சாயங்காலத்துக்குள் பானட் முழுவதும் வித்தியாசமே இல்லாமல் ஒரே சீராகிவிட்டது சம்பந்தி, பழைய கரும்பலகை போல.

மறுநாள் பெயிண்ட்காரர் வந்து பார்த்தார். பானட்டை விட்டுவிட்டுக் கதவில் இருந்த மெஷின் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். "இது நகத்துலயே தட்டுப்படல சார். லேசா பாலிஷ் போட்டா அரை நாள்ல போயிடும்" என்றார். பிறகு பானட்டைப் பார்த்தார். "இது எந்த மெஷின்ல போட்டது?" என்று கேட்டார். அவர் என் விரல் நுனியில் இருந்த மையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த இரக்கம்தான் என்னைக் கொன்றது.

நேற்று என் மகள் வந்திருந்தாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தவள், "அப்பா, மாமா வந்ததும் முதல்ல வண்டியத்தான் பாப்பாருப்பா. அப்புறம்தான் எங்களை எல்லாம்" என்றாள். சொல்லிவிட்டு அழாமல் இருக்கப் பார்த்தாள். நாலு வருஷமாக அந்த வீட்டில் "உங்க அப்பா" என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் அவளுக்கு நல்லபடியாக முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தச் சாவிதான் அதை மாற்றும் என்று நம்பிக்கொண்டிருந்தாள் பாவம். ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். என்னைத் திட்டுங்கள், நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டுங்கள், முழு வண்டிக்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வாய் திறக்காமல் செய்கிறேன். என் மகளை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். மெஷின் கேடு செய்யும் என்று தாங்கள் சொன்னது சரி. அதைவிட அதிகம் கேடு செய்யக்கூடியவன் உங்கள் சம்பந்தி என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. நான் எதற்கும் லாயக்கில்லாத மனிதன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் என் மனைவியின் விசாரிப்பும். பச்சைக் குழந்தைக்கு எங்கள் முத்தம். அவன் நீண்ட ஆயுளோடும், தெளிந்த கண்களோடும், யார் வண்டியையும் இரவல் வாங்காத புத்தியோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
தலைகாட்ட முகமில்லாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், இத்தனைக்கும் மூல காரணமான அந்தக் கூண்டு அம்மாவிடம் ஒரு சண்டையாவது போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். "அன்னைக்கு எதுக்கும்மா தானா கம்பியத் தூக்குனீங்க?" என்று ஆரம்பித்தேன். "நான் எங்க சார் தூக்குனேன்? வண்டி நம்பரைப் பாத்து அதுவே தூக்கும். உங்க வண்டிதான் ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வருதே! பத்து தடவைக்கு ஒரு தடவை ஃப்ரீ. பெரியவரு ஊர்ல இல்லையா?" என்றார். அவரே மேலும் சொன்னார்: "பாவம் சார், வலது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல அவரால. 'வீட்டுல தெரிஞ்சா வண்டியவே ஓட்ட விடமாட்டாங்கம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு சொல்லி வச்சிருக்காரு. நீங்க வண்டியோட வந்ததால தெரியும்னு நெனச்சுட்டேன்."

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதில் பானட்டைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நூற்று நாற்பத்து மூன்றில் எத்தனை கோடு என்னுடையது, எத்தனை தங்களுடையது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன், அந்த இடது கைக்காகச் சொல்ல வேண்டியிருந்தது. மடித்துக்கொண்டிருந்த என் சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தக் கையோட எப்படிங்க சட்டை மாட்டிக்கிறாரு?" என்று கேட்டாள்.

வந்தவுடன் தோளை டாக்டரிடம் காட்டுங்கள், துணைக்கு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக வண்டியைக் கழுவுவோம். தங்களால் கையைத் தூக்க முடியாது, என்னால் குனிய முடியாது. கூரையும் கண்ணாடியும் என் பங்கு, கீழ்ப்பாதி தங்களுடையது. மெத்தென்ற துணி என் கடையில் நிறைய இருக்கிறது, கொண்டுவருகிறேன்.