ரஷ்யாவைப் பற்றித்தான் எழுதினேன், மாமா

நோர்பரி, லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் யோகராஜா மாமா அவர்களுக்கு,

கம்சிகா எழுதுவது. இக்கடிதம் வந்து சேரும்போது உங்கள் பிரஷர் இறங்கியிருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு வைத்திருக்கிறார். நாங்கள் சுகம். நேரில் வந்துதான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு தடவை உங்கள் வாசல்வரை வந்து, மணியை அடிக்காமலே திரும்பிவிட்டேன். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

"உங்கட வீட்டிலை முதல் பட்டதாரி நீர்தான். சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதும் எழுதித் தாரும், பிள்ளை" என்று கேட்டது நீங்கள்தான். என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று அம்மா கனடாவில் இருக்கும் சித்திவரைக்கும் சொல்லிவிட்டார். ரஷ்யாவின் ஆட்சியையும் பத்திரிகைக்காரர்களையும் பற்றிய ஆவணப்படங்களைத்தான் நான் படிப்புக்காகப் பார்த்திருந்தேன் என்பதால் அதையே எழுதினேன். ஒரு படத்தில், சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாத ஒருவர், நண்பரை அந்தக் கதிரையில் இருத்தி, தான் பக்கத்துக் கதிரையில் நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். நீங்களும் செயலாளர் பிரவின் அண்ணையும் பன்னிரண்டு வருடமாகக் கதிரை மாறுவது அப்போது என் நினைவிலேயே இல்லை. சத்தியமாக இல்லை. மலரைத் தொகுக்கும் பிரவின் அண்ணைதான் கட்டுரையை வாசித்துவிட்டுப் போன் எடுத்து நினைவுபடுத்தினார்.

"பிள்ளை, உதிலை ஆரைச் சொல்லுறீர்?"

"ரஷ்யாவை, அண்ணை."

"எனக்கு விளங்காதெண்டு நினையாதையும். கதிரைப் பந்தியை எடுக்கிறன்."

எடுத்தார். பிறகு தேர்தல் என்ற சொல் வந்த இடமெல்லாம் எடுத்தார். கேள்வி கேட்டதற்காக வேலை இழந்த நிருபரை, "உது போன பொதுக்கூட்டத்திலை கத்தின துசியந்தியெல்லே?" என்று கேட்டு எடுத்தார். மலர் வந்தபோது மிஞ்சியிருந்தது என் படமும், ரஷ்யா மிகப் பெரிய நாடு, அங்கே குளிர் அதிகம் என்ற இரண்டு வரியும்தான். கீழே அரைப்பக்கம் வெள்ளை. கட்டுரையை அப்படியே போட்டிருந்தால் ஆறு பேர் வாசித்திருப்பார்கள். அந்த வெள்ளையில் என்ன இருந்தது என்று கேட்டு அறுபது பேர் போன் எடுத்தார்கள். எனக்குப் போனில் பேச வராது, மாமா. எல்லோருக்கும் முழுக் கட்டுரையையும் அனுப்பிவிட்டேன்.

இது உண்மையிலேயே ரஷ்யாதான் என்று சனங்கள் பார்க்கட்டும் என, நேற்றுப் பின்னேரம் மண்டபத்தில் படத்தைப் போடச் சொன்னதும் நீங்கள்தான். அரசுத் தொலைக்காட்சிக்காரர் தலைவரை மூச்சுவிடாமல் புகழும் இடம் வந்ததும், பின்வரிசையில் யாரோ, "உது எங்கட பிரவினெல்லே!" என்றார்கள். மண்டபமே குலுங்கியது. உங்கள் பக்கத்தில் இருந்த பாலாம்பிகை மாமி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நீங்கள் எழுந்து போய் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினீர்கள். அந்த இருட்டில், "படத்திலையும் உப்பிடித்தான் நிப்பாட்டினவங்கள்" என்று ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது என்று தெரியாது என்றுதான் எழுத நினைத்தேன். என்னுடையதுதான்.

அந்தப் படங்களில் வரும் நிருபர்களில் சிலர் சிறையில் இருக்கிறார்கள். எனக்குப் போனது அரைப்பக்கம். இரண்டையும் சேர்த்துச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அம்மா மலரை மடியில் வைத்து, அந்த இரண்டு வரியை நாலு தரம் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றபோது, முழுக் கட்டுரையை எடுத்துக் காட்ட மனமில்லாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

ஆகையால் என் வாயைப் பொறுத்தருள வேண்டும். இனிமேல் பலகாரக் குறிப்புகள் மட்டும் எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கதிரையில் இருந்தாலும் நெடுங்காலம் சுகமாக இருந்து எங்களை வழிநடத்த நல்லூர்க் கந்தன் அருள் புரியட்டும்.

பணிவன்புடன்,
கம்சிகா

பி.கு.: அடுத்த தலைவர் பதவிக்கான விண்ணப்பப் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர் என்னுடையது. முன்மொழிந்தது துசியந்தி அக்கா. வழிமொழிந்தவரின் கையெழுத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். "நீர் பயப்பிடாமல் போடும், பிள்ளை. எங்கட மனுசன் உதை வாசிக்கிற நேரம் நான் டூட்டிங்கிலை தங்கச்சி வீட்டை நிப்பன்" என்று மாமி சொன்னார்.