பாஸ் இல்லாமல் வெளியே வராதீர்கள்

மண்சரிவு, அட்டைக்கடி, குளவிக்கொட்டு என்று ஹட்டன் பக்கத்து மலைகளில் மனிதனைப் படுத்துகிற சங்கதிகள் ஏராளம். அத்தனையையும் ஒரு சட்டைக்குள் அடைத்துப் பொத்தான் போட்டால், அவர்தான் எங்கள் பாஸ். வலப்பனையில் பிறந்தவர் என்று ஒரு கட்சி, உடப்புசல்லாவைக்காரர் என்று இன்னொரு கட்சி. சொந்தப் பெயர் எந்தக் கட்சிக்கும் தெரியாது. சிங்களத்தில் மேசனையும் தச்சனையும் 'பாஸ்' என்பார்கள். எங்கள் பக்கத் தமிழிலும் அப்படியே. சுவர் கட்டத் தெரிந்தவர் என்பதால் அவர் பாஸ். தெரியும் என்று அவர்தான் சொன்னார்.

கொரோனா வந்த அந்த மார்ச் மாதத்தில் எங்கள் குசினிச் சுவரில் ஒரு வெடிப்பைக் காட்டி, இதைப் பூசிவிட முடியுமா என்று அவரிடம் கேட்டேன். பூர்வஜென்ம பாவம். சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"பூசுறதா? சேர், இது உள்ளுக்கே செத்துப்போச்சு. இடிச்சாத்தான் சரிவரும்."

முன்வாசலுக்குப் போய் ஒரு போன் பேசிவிட்டுத் திரும்புகிறேன், சுவர் இல்லை. அடுப்படியில் என் மனைவி கையில் அகப்பையோடு எதிர்மலைத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பயப்படாதீங்கம்மா. மூணே நாள்ல எழுப்பிடுவேன்" என்றார் பாஸ். அன்று மாலையே நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள்.

ஓட்டையில் ஒரு தறப்பாளைக் கட்டினோம். மூடுபனி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து சோற்றுப் பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எங்கள் சின்ன மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு. பனி உள்ளே வந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். அவளை இரண்டு கம்பளிக்குள் சுருட்டி வைத்துவிட்டு, பாஸ் வருவாரா என்று வாசலைப் பார்த்தபடி இருந்தோம்.

அவர் வந்தார். அதற்கு முந்தின நாள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று எங்கள் தெருவழியே கத்திக்கொண்டு போயிருந்தது. "பாஸ் இல்லாமல் யாரும் வெளியே வர வேண்டாம்!" அவர்கள் சொன்னது ஊரடங்கு அனுமதிச் சீட்டை. ஆனால் மறுநாள் காலை பாஸ் தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் கேட்டில் நின்றார்.

"எங்க போகணும் சேர்?"

"நான் எங்கயும் போகல. சொவர் கட்ட வந்தீங்களா இல்லையா?"

"சொவரா? நேத்து நீங்க கேக்கலையா? பாஸ் இல்லாம யாரும் வெளிய வரக்கூடாதாம். நான் கூட வராம இந்தத் தெருவுல ஒரு குஞ்சு குருமான் கடைக்குப் போக ஏலாது. இனி சொவருக்கெல்லாம் எங்க நேரம்?"

அது காகிதம், நீங்கள் இல்லை என்று தலையிலடித்துக்கொண்டு விளக்கினேன். அந்தப் பாஸுக்கு உச்சரிப்பே வேறு, இங்கிலீஷில் எழுத்தும் வேறு, அது P, நீங்கள் B என்றேன்.

"தமிழ்ல?"

"தமிழ்ல... ஒரே எழுத்துதான்."

"நீங்க தமிழ் வாத்தியார்தானே சேர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தமிழில் ஒரே ஒரு 'ப' இருப்பதற்காக என் வாழ்நாளில் அன்றுதான் வருந்தினேன்.

அதன்பிறகு கருவாடு வாங்கப் போகிறவரோடும் போனார், மருந்து வாங்கப் போகிறவரோடும் போனார். பொலிஸ் துரத்தினால், தான் துணைக்குப் போனவருக்கு முன்னால் ஓடிவந்து வீடு சேர்ந்தார். ஊரடங்கு தளர்ந்ததும் வந்து மூன்று வரி கல் வைத்தார். அடுத்த முடக்கம் வந்தது. அது முடிந்து இன்னும் இரண்டு வரி வைத்தார். கடைகளில் சீமெந்து காணாமல் போனது. மறுபடி கரண்டியைத் தொட்டார். காஸ் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் இல்லை. இந்த ஆள் கல் வைப்பதால்தான் நாடு கவிழ்கிறதோ என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்தது. இரண்டு வருடமாகியும் சுவர் இடுப்பளவில் நின்றது.

கொழும்பில் ஜனங்கள் ரோட்டுக்கு வந்து, ஆட்சியே ஆட்டம் கண்ட அந்த வருடம் மீண்டும் ஊரடங்கு. பெட்ரோல் இல்லாததால் என் பழைய காரின் மேல் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் மகளுக்கு இழுப்பு வந்தது. வழக்கமான மருந்துக்கு அடங்கவில்லை. உதடு கறுத்தது. அம்புலன்சுக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை.

பாஸ் வழக்கம்போல வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்கு வந்தார். "எங்க போகணும் சேர்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஆஸ்பத்திரிக்குய்யா! ஒங்க சொவராலதான் எம் புள்ள இப்ப மூச்சுக்குத் தவிக்கிறா!"

பாஸ் உள்ளே எட்டிப் பிள்ளையைப் பார்த்தார். விறுவிறுவென்று போனார். பிரஷ் கழுவுவதற்காக ஒளித்து வைத்திருந்த பெட்ரோலைப் பெயின்ட் வாளியோடு தூக்கிக்கொண்டு வந்து காரில் ஊற்றினார். சட்டைக்கு மேல் போட்டிருந்த கம்பளி ஜர்சியைக் கழற்றிப் பிள்ளைக்குச் சுற்றினார். கூப்பிடாமலே பின்சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சந்தியில் தடை போட்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் குனிந்து, "பாஸ் எக்க கோ?" என்று சீட்டைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து கம்பீரமாக ஒரு குரல். "மம தமாய் பாஸ்!" நான்தான் பாஸ் என்று கதவைத் திறந்து இறங்கியே விட்டார்.

கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்தது. அப்போதுதான் மனைவியின் மடியில் கிடந்த பிள்ளையைக் கண்டார். உடனே எங்களைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பாஸை மட்டும் அங்கேயே நிறுத்திவைத்தார். எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். தாமதிக்காமல் கொண்டுவந்தது நல்லது என்றார் டாக்டர். சாயங்காலம் அவள் பிஸ்கட் கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பும்போது அடைமழை. தடைக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஜர்சி இல்லாமல், தொப்பலாக நனைந்து, ஒரு வெள்ளைச் சட்டை நடுங்கிக்கொண்டு நின்றது. கான்ஸ்டபிள் ஓடிவந்து சிங்களத்தில் என்னிடம் முறையிட்டார். இந்த ஆளை அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன், காவல் குடிலுக்குள் வந்து ஒதுங்கவும் சொன்னேன், ரோட்டைவிட்டு அசையமாட்டேன் என்கிறார் என்றார்.

"போயிருக்கலாமே பாஸ்? ஏன் நிக்கிறீங்க?"

"நான் போயிட்டா ஒங்கள யாரு சேர் திரும்ப உள்ளுக்கு விடுவா?" என்றார், பல் கிடுகிடுக்க. பிறகு காரின் பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "புள்ள மூச்சு விடுதா?" என்றார்.

அவரை முன்சீட்டில் உட்காரவைத்து என் கோட்டைப் போர்த்திவிட்டேன். வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழியில் என் குரல் கம்மிவிட்டது.

"சளி புடிச்சிருச்சா சேர்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.