மீன்காரன் மின்காரன் ஆன கதை

தோனா ஹெர்மீனியாவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, காரின் கதவைச் சாத்தும்போதே செராஃபிம் அருடா ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். உயிரே போனாலும் ஒரு விஷயம் மட்டும் தன் மனைவி ஒடீலியாவின் காதுக்குப் போகக்கூடாது.

ரகசியம் காப்பதில் செராஃபிம் ஓட்டை வாளி. பிறந்தநாள் பரிசு என்ன என்பதை முதல் நாளே உளறிவிடுவான். கடையில் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்ல வாய் வந்தாலும் முகம் வராது. ஊரில் அவனுக்கு நேர்மையான வியாபாரி என்று பெயர். அது மனசு வாங்கிக் கொடுத்த பெயரல்ல, மூஞ்சி வாங்கிக் கொடுத்தது. அப்படிப்பட்டவன் ஒரு ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு, கறுப்புக் கோட்டோடு, மனைவிக்குப் பின்னால் வீட்டுக்குள் போனான்.

விஷயம் இதுதான்.

மாசச்சூசெட்ஸில், ஹார்வெல் ஊரின் ஆற்றோரம், மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளுக்குப் பின்னால் மூன்றடுக்கு மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அடுக்குக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு மீட்டர். குளிர்காலத்தில் சுவரோரம் ஓடும் மின் கணப்புதான் எல்லாருக்கும் தெய்வம். கீழ்த்தளத்தில் செராஃபிமும் ஒடீலியாவும். அவர்கள் தலைக்கு மேலே தோனா ஹெர்மீனியா. போர்ச்சுகலின் அசோரஸ் தீவிலிருந்து கல்யாணமான கையோடு வந்து, பஞ்சாலையில் உழைத்து, கணவனைப் புதைத்து, தனியாக இருந்தவர்.

முந்தின இலையுதிர்காலத்தில் மீன்கடைக்கு ஒரு இளைஞன் வந்தான். கழுத்தில் அட்டை, வாயில் தேன். மின்சாரம் விற்கிறானாம். கம்பி மாறாது, கம்பம் மாறாது, பில்லும் அதே கம்பெனியிடமிருந்துதான் வரும்; மின்சாரத்தை யாரிடம் வாங்குகிறோம் என்பது மட்டும் மாறும், செலவு பாதியாகும் என்றான். போர்த்துகீசியத்தில் இரண்டு வார்த்தை வேறு பேசினான். செராஃபிம் கடைக்கும் வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டான். அதோடு நின்றிருக்கலாம். தெரிந்த ஆள்களைக் காட்டினால் பண்டிகைக்கு ஒரு வான்கோழி உண்டு என்று பையன் சொன்னான். அடுத்த வாரம் முழுக்க அவனைக் கூட்டிக்கொண்டு செராஃபிம் தெருத்தெருவாகப் போனான். முன்பின் தெரியாதவனுக்குக் கதவு திறக்காத வீடெல்லாம் மீன்காரனின் முகத்துக்குத் திறந்தது. தோனா ஹெர்மீனியா கண்ணாடியைத் தேடி எடுத்து, போடாமலே, செராஃபிம் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வான்கோழி வந்தது. கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தார் என்று ஒடீலியாவிடம் சொன்னான். தோனா ஹெர்மீனியாவையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நல்ல பறவை என்று அவர் பாராட்டினார்.

முதல் சில மாதங்கள் சொன்ன விலைதான். அதற்குப் பிறகு சந்தை போன போக்கு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். ஜனவரியில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. விலை என்று நினைத்தது வலை. ஆயுளெல்லாம் வலையில் விழுந்ததை விற்றே பிழைத்தவனுக்கு அது தெரியவில்லை. கடையில் ஒரு உறைபெட்டியை அணைத்துவிட்டுக் கணவாயை வந்த விலைக்குத் தள்ளினான். வீட்டு பில் வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். பார்க்கப் பயந்து அவன் பார்க்கவேயில்லை.

ஒருநாள் சூப் கொடுக்க மாடிக்குப் போனான். தோனா ஹெர்மீனியா சமையலறையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். மூச்சு புகையாக வந்தது. கணப்பு வேலை செய்யவில்லையா என்று கேட்டான்.

"நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். தீவுல எங்களுக்குக் கணப்பு ஏது? குளிர் எனக்குப் பழக்கம்தான்ப்பா."

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். எதனால் பொய் என்பதும் தெரியும். சூப் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே வந்தான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு, தலைக்கு மேலே நடக்கும் காலடிச் சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிப்ரவரியில் ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரல் காய்ச்சல் என்றார்கள். கடைசிவரை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது ஒடீலியாதான். செராஃபிமுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

மே மாதம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் ஊர்க்கூட்டம். தீர்மானங்களில் ஒன்று மின்சாரம் பற்றியது. ஆளுக்கு ஆள் தனியாக அலையாமல், ஊராட்சியே எல்லா வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் சேர்த்து மொத்தமாகப் பேசி மின்சாரம் வாங்கலாமா என்று கேட்டிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் சலவை பார்க்கும் ஒடீலியா, வாழ்நாளில் ஒலிபெருக்கியைத் தொடாதவள், எழுந்து போய் நின்றாள். தன் வீட்டு மாடியில் ஒரு மனுஷி குளிரில் செத்ததைச் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. அரங்கு முழுக்க வாக்கு அட்டைகள் உயர்ந்தன. செராஃபிம் தன் அட்டையை எல்லாருக்கும் மேலே தூக்கிப் பிடித்தான்.

மாநிலத்தின் சம்மதம் வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. திட்டப்படி, வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லாரும் தானாகவே சேர்ந்துவிடுவார்கள். ஆனால் ஏற்கெனவே வேறு வியாபாரியிடம் கையெழுத்துப் போட்டவர்கள் சேரமாட்டார்கள். அவர்களாக அதை முறித்துக்கொண்டு வந்து கேட்க வேண்டும். அவர்களுக்குத்தான் இது முக்கியமாகத் தேவை, வீடு வீடாக ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்றது தொண்டர் குழு. குழுவுக்கு ஒடீலியாதான் தலைவி. சமையலறை மேசையில் ஊர் வரைபடம் விரிந்தது.

செராஃபிம் அதை எட்டிப் பார்த்தான். அவன் அந்தப் பையனோடு சுற்றிய தெருக்கள் எல்லாம் அதில் இருந்தன. எந்தத் தொண்டர் போய்க் கதவைத் தட்டினாலும், "உங்க தலைவியோட வீட்டுக்காரன்தானே அவனைக் கூட்டிட்டு வந்தான்" என்று கேட்பார்கள். வயிற்றில் மின்சாரம் பாய்ந்தது. கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை, கட்டணமும் இல்லை.

"இந்த ஆத்தோரத் தெருவுக்கெல்லாம் நானே போறேன்" என்றான்.

"நீயா? குப்பைத்தொட்டியை வாசல் வரைக்கும் தள்ளச் சொன்னாலே முட்டி வலிக்குதும்ப."

"ஊருக்காகச் செய்யறது, ஒடீலியா. அந்தத் தெருக்காரங்களுக்கு என்னைத் தெரியும்."

"அது சரிதான்" என்றாள் அவள், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உன்னை நல்லாத் தெரியும்."

அப்படித்தான் மீன்காரன் மின்காரன் ஆனான்.

முதலில் போனது ஸுல்மீராவின் ரொட்டிக்கடை. இரண்டு மின் அடுப்பு வைத்திருந்தவள், விலை ஏறிய அந்தக் குளிர்காலத்தில் ஒன்றை விற்றுவிட்டாள். இவனைப் பார்த்ததும் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, போன தடவை ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாயே, இந்தத் தடவை யார் என்று கேட்டாள். யாருமில்லை, ஊராட்சி என்றான். என்ன வித்தியாசம் என்றாள்.

செராஃபிமுக்குத் தெரிந்தது மீன்தான். அதையே எடுத்துப் போட்டான். "துறைமுகத்துல நான் ஒத்தையாப் போய் ஒரு பெட்டி மீன் கேட்டா, அவன் வச்சதுதான் விலை. ஊர்க் கடைக்காரங்க அத்தனை பேரும் சேர்ந்து ஒரு படகையே பேசினா, அவன் உக்காந்து பேசித்தான் ஆகணும். இதுவும் அப்படித்தான். புயல்ல கம்பி அறுந்தா வர்றதும் பில் அனுப்பறதும் அதே பழைய கம்பெனி. மின்சாரத்தை மட்டும் ஊரு வாங்கித் தருது. பேசின காலம் முடியற வரைக்கும் ஒரே விலை."

"பழைய கம்பெனி விலையைவிட எப்பவும் குறைவா இருக்குமா?"

அவன் வாய் தானாகத் திறந்தது. அந்தப் பையன் மாதிரியே தலையாட்டப் பார்த்தது. மூஞ்சி ஒத்துழைக்கவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாது. அது ஏறும், இறங்கும். ஒரு சமயம் நம்மதுதான் அதிகமாவும் இருக்கலாம். பிடிக்கலைன்னா என்னைக்கு வேணா வெளிய போய்க்கலாம், அபராதம் கிடையாது. காத்தாலை, சூரிய மின்சாரம் அதிகமா வேணும்னாலும் கேட்டு வாங்கிக்கலாம், அதுக்குக் கொஞ்சம் கூட ஆகும்."

ஸுல்மீரா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். இதை அன்றைக்கே கேட்டுச் சொல்லியிருக்கலாமே என்றாள். சேர்ந்துகொண்டாள்.

"என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் அந்தப் பழைய கதையைச் சொல்லிடாத" என்று வாசலில் நின்று கெஞ்சினான். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

நாவிதர் பெல்மீரோ அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஆளைப் பாதி நுரையோடு விட்டுவிட்டு, வா மின்காரா, மீன் நாறும், மின் சுடும், நீ இரண்டையும் செய்துவிட்டாய் என்றார். வாயை மூடிக்கொண்டிருக்க வெள்ளிக்கிழமைதோறும் காட் மீன் கேட்டார். செராஃபிம் கொடுத்தான். முள் எடுத்தே கொடுத்தான்.

எதிர்வீட்டு அடெலினோவிடம் போனதுதான் கஷ்டம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வெந்நீர்த் தொட்டியை அணைத்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அடுப்பில் பானை வைத்துத் தூக்கியபோது அடெலினோவின் மனைவிக்குக் காலில் கொதிநீர் கொட்டியது. அவள் இன்னும் சாய்ந்துதான் நடந்தாள். செராஃபிம் சொன்னதை அடெலினோ நின்று கேட்டான். சேர்வதற்கு வேண்டியதைச் செய்தான். தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தெருவைக் கடந்து வரும்போது செராஃபிம் நினைத்தான். அங்கே மட்டும், மனைவியிடம் சொல்லாதே என்று கேட்க நாக்கு எழவில்லை.

இலை உதிர்ந்து, முதல் பனி விழுந்து, பனி சேறாகும் வரை நடந்தான். நாய்கள் அவனைத் தெரிந்துகொண்டன. முட்டி வீங்கியது. பாதி வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள், மறுபடி போவான். ஏழைகளுக்கு உள்ள மின்கட்டணச் சலுகை போய்விடுமா என்று கேட்டவர்களுக்கு, போகாது, அப்படியே இருக்கும் என்று இரண்டு தடவை சொன்னான். அந்த வியாபாரிக்குப் போன் போட்டு முறித்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே போன் போட்டுக் கொடுத்தான். தன் கடையையும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டான். ரகசியம் ஒரு வீட்டிலிருந்தும் கசியவில்லை. இந்த ஊர் ஜனங்களைப் போல வாக்குத் தவறாத ஜனங்கள் உண்டா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கடைசியில் தன் வீட்டு மாடிதான் மிச்சம். அங்கே புதிதாக ஒரு இளம் ஜோடி குடிவந்திருந்தது. புதிதாக வந்தவர்கள், தானாகவே ஊர்த் திட்டத்தில் இருந்தார்கள். அவனுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தாலும் ஏறினான். கதவு திறந்ததும் உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அந்தப் பெண் அரைக்கைச் சட்டையில் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். அவள் விசித்திரமாகப் பார்த்தாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினான்.

அன்று சாயங்காலம் ஒடீலியா தொத்திறைச்சி போட்ட கீரை சூப் வைத்திருந்தாள். எல்லாத் தெருவும் முடிந்தது என்று சொன்னான். நல்லது என்றாள்.

"நம்ம வீடு?"

கரண்டி பாதியில் நின்றது. "நம்ம வீட்டுக்கென்ன. நம்மது எப்பவும் பழைய கம்பெனிதானே."

"இப்ப பழைய கம்பெனிதான், அதனாலதான் ஊர்த் திட்டத்துல தானா சேர்ந்துச்சு. ஹெர்மீனியா செத்த வாரமே, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த ஆளுங்களுக்குப் போன் போட்டு நான்தான் முறிச்சேன்."

செராஃபிமுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. யார் சொன்னது என்று கேட்டான்.

"அவங்கதான். ஆஸ்பத்திரியில. நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்ச, உன்னைத் திட்டாதன்னாங்க. நான் திட்டினேனா?"

திட்டவில்லை. இத்தனை நாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தான். "தெருக்காரங்க எல்லாம் சத்தியம் பண்ணாங்களே, உங்கிட்ட சொல்லமாட்டோம்னு."

"பண்ணியிருப்பாங்க. நீ போறதுக்கு முந்தின வாரம் நான் போனேன். அவன் வருவான், வந்து கெஞ்சுவான், எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"போனவ நீயே சேத்துவிட்டிருக்கலாமே?"

"சேத்துவிட்டிருக்கலாம்." ஒடீலியா ரொட்டியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை. "அன்னைக்கே கேட்டிருந்தா ஒரு நாள் அழுதுட்டுத் தூங்கியிருப்ப, செராஃபிம். கேக்காம விட்டதாலதான் இத்தனை வீட்டுப் படி ஏறின."

அவன் அழுதான். அவள் தடுக்கவில்லை. சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதாவது தன்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரும் போகல" என்றாள்.